அறக்கட்டளைக்கு மதிப்பீட்டுக் கொள்கை, அதாவது நீங்கள் பணம் கொடுக்கும் திட்டங்கள் பலன் தந்தனவா என்று எப்படிப் பார்ப்பது என்ற கொள்கை, எழுதப் போகிறீர்களா?

முதலில் ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்: இந்த மதிப்பீட்டை வைத்து யார், எந்த முடிவை, எப்போது எடுக்கப் போகிறார்? ஒரு திட்டத்துக்குத் தொடர்ந்து பணம் கொடுப்பதா என்று அறங்காவலர்கள் மார்ச்சில் கூடிப் பேசப் போகிறார்கள் என்றால், ரிப்போர்ட் ஜனவரியிலேயே கைக்கு வந்தாக வேண்டும், ஏப்ரலில் வந்தால் அது எவ்வளவு அருமையாக இருந்தாலும் பயனில்லை. எடுக்க வேண்டிய முடிவு எதுவும் இல்லையா, அந்தச் செலவே வேண்டாம்.

எல்லாவற்றையும் மதிப்பிட முடியாது. கலிஃபோர்னியாவின் ஹியூலெட் அறக்கட்டளை தன் மதிப்பீட்டுக் கோட்பாடுகளில் இதை வெளிப்படையாகவே சொல்லி, யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. உங்கள் கொள்கையிலும் அந்தத் தேர்வு எப்படி நடக்கும் என்று இருக்கட்டும்: பெரிய தொகை, இதுவரை யாரும் செய்து பார்க்காத முயற்சி, அடுத்து பல ஊர்களுக்குக் கொண்டுபோக நினைப்பது. மற்றவற்றுக்கு வழக்கமான கண்காணிப்பே போதும்.

இந்தியாவில் சி.எஸ்.ஆர் பணம் (நிறுவனங்கள் சட்டப்படி சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டிய பணம்) என்றால் கொஞ்சம் சட்டமும் உண்டு. முந்தைய மூன்று நிதியாண்டுகளில் சராசரியாக 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் சி.எஸ்.ஆர் கடமை உள்ள நிறுவனம், 1 கோடியும் அதற்கு மேலும் செலவிட்ட திட்டங்களை, அவை முடிந்து குறைந்தது ஓராண்டு ஆனபின் வெளியார் ஒருவரைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்று 2021-இல் விதி வந்தது. அந்த மதிப்பீட்டுக்கு ஆகும் செலவில் எவ்வளவை சி.எஸ்.ஆர் கணக்கில் காட்டலாம் என்பதற்கு வரம்பு உண்டு. 2022 திருத்தப்படி அந்த ஆண்டின் மொத்த சி.எஸ்.ஆர் செலவில் 2 சதவீதம் அல்லது 50 லட்சம், இரண்டில் எது அதிகமோ அது. ஆனால் திட்டம் முடிந்தபின் பார்ப்பதை மட்டும் நம்பினால் நடுவில் எதையும் திருத்த முடியாது, அதனால் சட்டம் கேட்பதை குறைந்தபட்சம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் முன் இருந்த நிலையைப் பதிவு செய்யாமல் எந்தத் திட்டமும் தொடங்கக் கூடாது என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

எதை வைத்து மதிப்பிடுவது என்பதற்கு, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி-யின் ஆறு அளவுகோல்கள் இருக்கின்றன: பொருத்தம், இசைவு (மற்ற திட்டங்களோடு ஒத்துப்போவது), பலன், செயல்திறன், தாக்கம், நீடிப்பு. இசைவு மட்டும் 2019-இல் சேர்ந்தது. ஆறையும் எல்லாத் திட்டத்துக்கும் மாட்டாதீர்கள், அவர்களே இயந்திரத்தனமாகப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் முடிவுக்கு உதவும் இரண்டு மூன்று போதும்.

அப்புறம் பணம். மதிப்பீட்டுச் செலவை களத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தின் மானியத்திலிருந்து பிடிக்காதீர்கள், தனியாக ஒதுக்குங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஆசிரியர் சம்பளத்துக்குப் போக வேண்டிய பணம் சர்வேக்குப் போவது அநியாயம்.

திட்டத்தை நடத்துபவரே மதிப்பீட்டாளரைத் தனியாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. குறைந்தது ஓர் அறங்காவலராவது கூட இருக்கட்டும். பேட்டி கொடுத்த மக்களுக்கு முடிவுகளை அவர்கள் மொழியில் போய்ச் சொல்வது யார் பொறுப்பு என்றும் எழுதுங்கள். ரிப்போர்ட் மோசமாக வந்தாலும் வெளியிடுவோம் என்ற உறுதியை இப்போதே, எந்த ரிப்போர்ட்டும் வராத நேரத்திலேயே சேர்த்துவிடுங்கள், வந்தபின் சேர்க்க யாருக்கும் மனசு வராது. ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஏற்கிறோமா இல்லையா, ஏன், யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்று நிர்வாகம் 60 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும், அந்தப் பதிலும் ரிப்போர்ட்டோடு சேர்ந்தே வெளியாக வேண்டும்.