நந்தி மலையடிவாரத்தில் ஒரு முகூர்த்தம்: தோட்டத்துக் கல்யாணத்தைப் படம் எடுப்பது எப்படி

நான் தனியாக எடுத்த முதல் தோட்டத்துக் கல்யாணம், பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளி தாண்டி நந்தி மலை தெரிகிற ஒரு திராட்சைத் தோட்டத்தில். தை மாத விடியல், மலைமேல் பனி. கெட்டிமேளம் கொட்டும்போது, மலையும் சேர்ந்து வரட்டும் என்று மேடையிலிருந்து இருபதடி தள்ளி நின்றேன். மலை பிரமாதமாக வந்தது. மாப்பிள்ளை முகம் கரிக்கட்டை. பெண்ணின் முகத்தை யாரோ ஒரு மாமாவின் முழங்கை மறைத்துவிட்டது. ஆல்பத்தில் அந்தப் பக்கம் வந்தபோது பெண்ணின் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பேசாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அதற்கப்புறம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: முந்தின நாளே போய்ப் பாருங்கள்

பெங்களூர் அல்சூரிலிருந்தோ சிவாஜி நகரிலிருந்தோ நந்தி அடிவாரம் சுமார் 60 கிலோமீட்டர். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் போய்விடுங்கள். முடிந்தால் முகூர்த்த நேரத்துக்கே போய் நில்லுங்கள்.

அங்கே பார்க்க வேண்டியது கிழக்கு எந்தப் பக்கம் என்பதை. மணமக்கள் பெரும்பாலும் கிழக்கு பார்த்து உட்காருவார்கள். அப்படியென்றால் உதிக்கிற வெயில் நேராக அவர்கள் முகத்தில் விழும். மலை அவர்களுக்குப் பின்னால் மேற்கே இருந்தால் உங்களுக்கு யோகம்: முகத்திலும் வெளிச்சம், மலையிலும் வெளிச்சம். மலை கிழக்கே இருந்தால் அதை மணமக்கள்தான் பார்ப்பார்கள், உங்கள் படத்தில் வராது. வீட்டாரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேடை போடுகிறவரிடமும் அன்றே பேசிவிடுங்கள். பின்புறம் முழுக்கத் துணியும் பூவும் கட்டி மூடிவிட்டால், அவ்வளவு தூரம் வந்ததற்கு அர்த்தமே இல்லை.

கூரையையும் அண்ணாந்து பாருங்கள். கீற்றுக் கொட்டகை என்றால் ஓட்டைகள் வழியே வெயில் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழும். சிவப்பு, மஞ்சள் ஷாமியானா என்றால் எல்லோர் முகமும் அந்த நிறத்துக்கு மாறும். இதற்காகவே ரா (RAW) ஃபார்மட்டில், அதாவது கேமரா சுருக்காமல் சேமிக்கும் கோப்பாக எடுங்கள், நிறத்தை வீட்டில் சரிசெய்துகொள்ளலாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

இரண்டு கேமரா இருந்தால் நல்லது, ஒன்றை வாடகைக்கு எடுத்தாலும் போதும். கூட்டத்துக்கும் முகத்துக்கும் மாற்றிக்கொள்ள 24-70 ஜூம் லென்ஸ் ஒன்று, குறைந்த வெளிச்சத்துக்கு 50 எம்எம் 1.8 லென்ஸ் ஒன்று. ஒரு ஃபிளாஷ், கூடுதல் பேட்டரிகள், பல சிறிய மெமரி கார்டுகள். தோட்டத்து வீடுகளில் கரண்டை நம்ப முடியாது, எல்லாவற்றையும் வீட்டிலேயே சார்ஜ் செய்துவிடுங்கள். ட்ரோன் ஆசை இருந்தால், தேவனஹள்ளியில்தான் விமான நிலையம் என்பதை மறக்க வேண்டாம். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்க்காமல் பறக்கவிடாதீர்கள்.

இருட்டில் தொடங்கி வெயிலில் முடியும் முகூர்த்தம்

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். தையில் பெங்களூரில் சூரியன் உதிக்கச் சுமார் 6.45 ஆகிவிடும். முகூர்த்தம் 6.30 முதல் 7.30 என்றால், முதல் சடங்கு எல்இடி விளக்கில் நடக்கும், கடைசிச் சடங்கு வெயிலில்.

விளக்கு வெளிச்சத்தில் ஷட்டர் வேகத்தை 1/100 நொடியில் வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அந்த வேகத்தில் படத்தில் பட்டை பட்டையாக விழுவது பெரும்பாலும் இருக்காது. அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) 2.8, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) ஆட்டோ. ஐஎஸ்ஓ 3200, 6400 வரை போனால் பயப்பட வேண்டாம். கொஞ்சம் புள்ளி விழுந்த படத்தை ஒப்பேற்றிவிடலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. வெளிச்சம் வந்ததும் ஷட்டரை 1/250-க்கு ஏற்றுங்கள்.

பின்னால் வானமோ மலையோ பளிச்சென்று இருந்தால் கேமரா ஏமாந்து முகத்தைக் கறுப்பாக்கும். என் மாப்பிள்ளை கரிக்கட்டையானது அப்படித்தான். வெளிச்ச அளவீட்டை ஸ்பாட்டுக்கு (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளப்பது) மாற்றி முகத்தின்மேல் வையுங்கள், அல்லது எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். யாரும் வானத்துக்குத் தாலி கட்டவில்லை.

ஓமப்புகை வேறு. புகைக்குப் பின்னாலிருந்து வெயில் வந்தால் அழகு. ஆனால் ஆட்டோஃபோகஸ் குழம்பும், காற்று உங்கள் பக்கம் அடித்தால் கண்ணும் எரியும். அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே போதும்.

தாலி கட்டும் நேரம்

முதல் நாளே வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள்: "அத்தை, பொண்ணு அப்பா மடியில உட்காருமா, பக்கத்துல உட்காருமா?" இதைப் பொறுத்து நீங்கள் நிற்கும் இடமே மாறும். நாத்தனார் முடிச்சுப் போடுவது உண்டா, அவர் எந்தப் பக்கமிருந்து வருவார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெங்களூரில் ஒரு வீடு தமிழ், மறு வீடு கன்னடம் என்ற கல்யாணங்கள் ஏராளம். அங்கே நடுவில் திரை பிடித்து, அது விலகும்போது சீரகமும் வெல்லமும் ஒருவர் தலையில் ஒருவர் வைப்பார்கள். திரை விலகும் அந்த ஒரு நொடியில் இரண்டு முகமும் உங்கள் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும்.

கெட்டிமேளம் என்றதும் எல்லோரும் எழுந்து அட்சதை போடுவார்கள், பின்னால் நின்றால் முதுகுதான் கிடைக்கும். அதனால் இரண்டு நிமிடம் முன்பே மேடையோரம் மண்டியிட்டு உட்கார்ந்துவிடுங்கள். சாஸ்திரிகளிடம் முதலிலேயே ஒரு வணக்கம் வைத்திருந்தால் அவரே கொஞ்சம் விலகி வழிவிடுவார்.

மலையோடு ஜோடிப் படம்

காலை 9 மணி வெயிலில் எடுக்காதீர்கள், கண்ணுக்குக் கீழே நிழல் குழி விழும். மாலை 5.15-க்குக் கூப்பிடுங்கள், சூரியன் 6.15-க்கு மேல்தான் இறங்கும். திராட்சைப் பந்தலுக்கு அடியில் நிற்கவைக்க ஆசை வரும். இலை வழியாக வரும் வெளிச்சம் முகத்தைப் பச்சையாக்கிவிடும். பந்தலின் விளிம்புக்குக் கூட்டிவந்து, முகம் வெளியே பார்க்கும்படி நிறுத்துங்கள். பெண் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தவர் என்பதை நினைவில் வைத்து, இருபது நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

கடைசியாக, அன்று இரவே

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கார்டுகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டுத் தூங்குங்கள். ஆல்பம் அவர்கள் கைக்குப் போகும்வரை கார்டை அழிக்க வேண்டாம்.