மலை வீட்டில் கோழியோடு கூஸ் வாத்து வளர்க்க

கோழியையும் கூஸ் வாத்தையும் பகலில் ஒரே முற்றத்தில் தாராளமாக விடலாம். ராத்திரி ஒரே கூண்டில் மட்டும் அடைக்காதீர்கள். எங்கள் கோத்தகிரியில் இரண்டு பருவமழையும் உண்டு, நடுவில் மூடுபனி வேறு. கூஸ் குடிக்கிற பாத்திரத்தில் தலையை முக்கி உதறும், எச்சமும் தண்ணியாகப் போடும். அந்த ஈரத்தில் கோழி படுத்தால் சளியும் ரத்தக்கழிச்சலும் வந்து சேரும்.

எங்கள் வீட்டில் கோழிக்கூடு மேட்டில் இருக்கிறது. கூஸ் கொட்டகை சரிவில், அதற்குக் கீழே. மாற்றி வைத்தால் அழுக்குத் தண்ணீர் முழுவதும் கோழியிடம்தான் வடியும். கூஸ் தரையில் படுக்கிற பறவை, பரண் வேண்டாம். ஒன்றுக்குப் பத்து சதுர அடி இடம் கொடுத்து, மரச்சீவலைக் கனமாகப் பரப்பி, நனைந்ததை அன்றன்றே அள்ளிவிடுங்கள். குளம் வெட்டத் தேவையில்லை. கண்ணும் மூக்கும் முங்குகிற ஆழத்தில் ஒரு தொட்டி போதும். அதை வெளியே ஜல்லி கொட்டிய இடத்தில் வையுங்கள். கோழிக்குஞ்சு ஓடுகிற வீடு என்றால் தொட்டிக்குள் பெரிய கல் ஒன்று போட்டு வையுங்கள், விழுந்தாலும் ஏறி வந்துவிடும்.

குஞ்சு எடுக்க நினைத்தால் நாட்டு அடைக்கோழியே நல்ல உதவி. ஆனால் நாலைந்து முட்டைக்கு மேல் வைக்காதீர்கள். கூஸ் முட்டை பெரிது, கோழியால் சரியாகப் புரட்ட முடியாது. தினமும் இரண்டு மூன்று முறை நீங்களே கையால் புரட்டிவிட வேண்டும். கோழி முட்டை 21 நாளில் பொரியும், இதற்கு 30 நாள் ஆகும். அதுவரை அந்தக் கோழி எழுந்து போய்விடாமல் தீனியையும் தண்ணீரையும் பக்கத்திலேயே வையுங்கள்.

பொரித்த பிறகுதான் உண்மையான கவனம் தேவை. தாய்க் கூஸின் உடம்பிலுள்ள எண்ணெய்ப் பசை பட்டால் குஞ்சின் பூமுடியில் ஈரம் எளிதில் ஒட்டாது. கோழியிடம் அந்த அளவுக்குப் பசை கிடையாது. கோழி பொரித்த கூஸ் குஞ்சு ஒரு தூறலில் நனைந்தாலே விறைத்துப் போகும். இறகு முளைக்கும்வரை மழையிலும் தொட்டியிலும் விடவே விடாதீர்கள், பார்க்கப் பாவமாக இருந்தாலும் சரி.

தீவனத்தில், ரத்தக்கழிச்சல் மருந்து கலக்காத கோழிக்குஞ்சுத் தீவனமாகக் கேட்டு வாங்குங்கள். கூஸ் குஞ்சுக்கு நியாசின் என்கிற வைட்டமின் கூடுதலாக வேண்டும், குறைந்தால் கால் வளைந்துவிடும். அதனால் நான் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூள் கொஞ்சம் கலக்கிறேன். அது ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட் இல்லை. வளர்ந்த பிறகு கிக்குயு புல்தான் முக்கிய ஆகாரம். களைக்கொல்லி அடித்த தேயிலைத் தோட்டத்துப் புல்லை அறுத்துப் போடாதீர்கள். பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் மேய விடாதீர்கள். அதன் இலையும் பழமும் பறவைக்கு விஷம்.

முட்டையிடும் காலத்தில் ஆண் கூஸ் கோழியைத் துரத்திக் கடிக்கும். கோழி மட்டும் நுழைகிற மாதிரி சின்ன வழி வைத்து ஓர் இடத்தை அடைத்துவிட்டால் போதும்.

புதிதாக வாங்கிய கூஸை மூன்று வாரமாவது தனியே வையுங்கள். ராணிக்கெட் என்கிற வெள்ளைக்கழிச்சல் நோயின் கிருமி இருந்தாலும் கூஸ் பெரும்பாலும் தெம்பாகவே திரியும், சாவது கோழிதான். கோழிகளுக்குத் தடுப்பூசி தவறக் கூடாது.

கூஸ் காவல் காக்கும் என்று நம்பி ராத்திரி வெளியே விடுகிறார்கள். அது கத்தும், அவ்வளவுதான். சிறுத்தையை அதனால் தடுக்க முடியாது. இருட்டுவதற்குள் உள்ளே அடைத்து, கம்பிவலைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள்.