முனைவர் பட்ட ஆய்வில் காலத்தைத் தின்னும் தவறுகள்

கலை, அறிவியல் துறைகளில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த முதல் ஆண்டில் நாள் நிறைய இருப்பதாகத்தான் தோன்றும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். ஆனால் இளநிலை ஆய்வாளருக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை 5 ஆண்டுகளோடு நின்றுவிடும். அந்த ஆறாம் ஆண்டை எப்படி ஓட்டுவது என்று தொடக்கத்திலேயே கணக்குப் போடுபவர்கள் மிகச் சிலரே.

"எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு எழுதலாம்" என்ற எண்ணம்தான் நான்காம் ஆண்டு வரை ஓர் இயல்கூட உருவாகாமல் தடுக்கிறது. படித்து முடிப்பது என்று ஒன்று கிடையாது. பாடநெறித் தேர்வு முடிந்த கையோடு முந்தைய ஆய்வுகள் பற்றிய இயலை எழுதத் தொடங்குங்கள். இன்னும் எதைப் படிக்கவில்லை என்பது எழுத உட்கார்ந்தால்தான் புரியும்.

இதைவிடப் பெரிய இழப்பு, பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை வெளியிடும் போலி ஆய்விதழ்களால் வருகிறது. இரண்டாம் ஆண்டு மாணவருக்கு "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே" என்று விளித்து மின்னஞ்சல் வரும். மூன்று நாளில் வெளியீடு, உடனே சான்றிதழ் என்பார்கள். அந்த இதழைத் திறந்து பொருளடக்கத்தைப் பாருங்கள். திருக்குறளில் மேலாண்மை, ஜிஎஸ்டி வரி, மூலிகைச் சாறு, இயந்திரக் கற்றல் எல்லாம் ஒரே இதழில் இருந்தால், அங்கே எந்தத் துறை வல்லுநரும் எதையும் படித்துப் பார்த்திருக்க முடியாது. போவது பணம் மட்டுமன்று. ஒருமுறை அங்கே அச்சேறிய கண்டுபிடிப்பை நல்ல இதழ் புதியதாக ஏற்காது. மூன்றாண்டு உழைப்பு யாரும் படிக்காத ஒரு பக்கத்தில் புதைந்துவிடும். அது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

தரமான ஆய்விதழ்கள் என்று யுஜிசி ஏற்றுக்கொண்டவற்றின் யுஜிசி-கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டுவிட்டது. பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் தப்பித்த காலம் போயிற்று. உங்கள் துறையில் நீங்கள் மதிக்கும் ஆய்வாளர்கள் எங்கே எழுதுகிறார்கள் என்று பாருங்கள். மேலும், 2022 விதிமுறை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியீட்டைக் கட்டாயமாக்கவில்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா, எத்தனை கேட்கிறது என்பதை ஆணையை வாங்கிப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். விடுதியில் பேசிக்கொள்வதை நம்பி ஐந்தாறு கட்டுரைகளுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

குறிப்பு எடுப்பதில் உள்ள அலட்சியம் ஆரம்பத்தில் வலிக்காது, அடிக்குறிப்பு போடும்போதுதான் வலிக்கும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ் ஒன்றிலிருந்து குறிப்பெடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டுரைப் பக்கத்தோடு முகப்புப் பக்கத்தையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அங்கே "பிரபவ, தை" என்று மட்டும் இருக்கலாம். பிரபவ என்ற தமிழ் ஆண்டு 1927 ஏப்ரலில் தொடங்கியது. ஆகவே அதன் தை மாதம் 1928 ஜனவரியில் விழும். அவசரத்தில் 1927 என்று எழுதினால், எது முதலில் வந்தது என்ற உங்கள் வாதமே சரிந்துபோகலாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எடுத்தாண்ட வரிகளுக்கு மேற்கோள் குறி இடாமல் குறித்து வைப்பதும் இதே வகை ஆபத்து. ஆண்டுகள் கழித்து அது உங்கள் சொந்த வரி போலவே தோன்றும். கருத்துத் திருட்டைத் தடுக்கும் யுஜிசியின் 2018 விதிமுறைப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வேட்டைத் திருத்தித் தர வேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

நெறியாளரிடம் "நன்றாகப் போகிறது, ஐயா" என்று சொல்லிவிட்டு வருவது மரியாதை ஆகாது. ஒரு பேராசிரியர் 8 பேர் வரை வழிநடத்தலாம் என்பதால், உங்கள் சிக்கலை அவர் தானாகக் கண்டுபிடிப்பார் என்று காத்திருக்க முடியாது. பேசி முடித்த அன்றே, முடிவானதை நாலு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். பருவத்துக்கு ஒருமுறை கூடும் ஆலோசனைக் குழுவையும் கையெழுத்துச் சடங்காக விட்டுவிடாதீர்கள். நெறியாளரிடம் தனியே கேட்கத் தயங்கும் கேள்வியை அங்கே கேட்கலாம்.

திருமணம், பிள்ளைப்பேறு என்றதும் பதிவையே கைவிட்டுச் செல்லும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பெறவும், காலக்கெடுவில் கூடுதலாக 2 ஆண்டுத் தளர்வு பெறவும் 2022 விதிமுறையில் இடமிருக்கிறது. வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகாமல், துறைத்தலைவர் வழியாக எழுத்தில் விண்ணப்பித்து, ஒப்புகை நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.