பழைய கேடிலாக் அமரர் ஊர்தி, ஆம்புலன்ஸ் ரெஸ்டோர் பண்றவங்க இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

அமெரிக்காவுல அமரர் ஊர்தி, கார் மாடல் ஆம்புலன்ஸ் எல்லாத்தையும் சேர்த்து புரொஃபஷனல் கார்னு சொல்வாங்க. 1959 கேடிலாக் ஒண்ணு விலைக்கு வந்துச்சுன்னா முக்காவாசிப் பேர் பண்ற தப்பு, பானெட்டைத் திறந்து இன்ஜின் ஓடுதான்னு பார்த்துட்டு காசைக் குடுத்துடறது. இன்ஜின் பிரச்சனையே இல்லைங்க, அது சாதா செடான்ல இருக்கற அதே 390 கியூபிக் இன்ச் வி8 தான், கிரில்லு, முன் பம்பர் கூட தேடினா கிடைச்சுரும்.

தலைவலி எல்லாம் டிரைவர் சீட்டுக்குப் பின்னாடிதான். கேடிலாக் கம்பெனி நீளமான சேஸிஸ், அதாவது அடிச்சட்டம் மட்டும்தான் குடுக்கும், செடானுக்கு வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற தூரம்) 130 இன்ச்னா இதுக்கு 156, அதுமேல பாடி கட்டுனது ஒஹையோவுல இருந்த மில்லர்-மீட்டியர், சுப்பீரியர் மாதிரி கம்பெனிங்க. பின்கதவு, ரூஃப், சைடு கண்ணாடின்னு எல்லாமே அவங்கவங்க தனித்தனியா கொஞ்ச எண்ணிக்கையில செஞ்சது, அதனால மில்லர்-மீட்டியர் கதவு சுப்பீரியர்ல உட்காரும்னு நம்பி வாங்கிடாதீங்க. பாடி கட்டுன கம்பெனி விவரம் போட்டிருக்கற பாடி பிளேட்டைப் பார்த்து யார் கட்டுனது, எந்த வருஷம்னு உறுதி பண்ணிட்டு அப்புறம் பார்ட்ஸ் தேடுங்க.

வளைஞ்ச கண்ணாடி உடைஞ்சிருந்தா ரொம்ப யோசிக்கணும், தட்டைக் கண்ணாடின்னா எந்தக் கடையிலயும் வெட்டிக் குடுப்பாங்க, வளைஞ்சதுக்கு அச்சு செய்யணும், செலவு எங்கயோ போயிரும். சவப்பெட்டி உருட்டுற ரோலர், அது நகராம பிடிக்கற தடுப்பு முளை, ஆம்புலன்ஸ்னா கூரை மேல சுத்துற லைட்டு, சைரன், இதெல்லாம் இருக்கான்னு வாங்கறதுக்கு முன்னாடியே ஒண்ணொண்ணா எண்ணிப் பாருங்க.

கூரைத் தகடு மேல ஒட்டுன வினைல் உறை (வினைல் ரூஃப்) பளபளன்னு இருக்கேன்னு ஏமாறாதீங்க, அடியில தண்ணி நின்னு தகடு அரிச்சிருக்கும். பெட்டி வைக்கற பலகைக்குக் கீழயும் டார்ச் அடிச்சுப் பாருங்க.

எனக்கு ரொம்ப வயித்தெரிச்சலா இருக்கறது, துருப்பிடிச்ச கதவு, உளுத்துப்போன மோல்டிங்னு தூக்கிப் போட்டுடறாங்க பாருங்க, அதுதான். புதுசா செய்யறவருக்கு அளவெடுக்க உலகத்துலயே அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கலாம், எவ்வளவு கெட்டிருந்தாலும் வச்சுக்கோங்க, கழட்டறதுக்கு முன்னாடி போட்டோவும் எடுத்துருங்க.

பிரேக், ஸ்பிரிங் வாங்கும்போது செடான் நம்பரைச் சொல்லாதீங்க. இந்தச் சேஸிஸ் கனமானது, பார்ட்ஸ் புக்ல கமர்ஷியல் சேஸிஸ்னு தனியா போட்டிருக்கும், அந்த நம்பரைச் சொல்லி வாங்குங்க. பாடி சாமானுக்கு 1976-லேர்ந்து இருக்கற புரொஃபஷனல் கார் சொசைட்டிக்காரங்களைக் கேளுங்க, அதே கம்பெனி பாடி வச்சிருக்கறவங்க அங்கதான் இருக்காங்க.