தனியா ஃபர்னிச்சர் மாட்டுறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ஆன்லைன்ல அலமாரி ஆர்டர் போட்டா வீட்டுக்கு வர்றது அலமாரி இல்ல, அட்டைப்பெட்டிக்குள்ள அடுக்கின பலகையும் ஒரு கவர் நிறைய ஸ்க்ரூவும்தான். மாட்டிக் கொடுக்க ஆள் வர ஒரு வாரம் ஆகும்பாங்க, இல்லன்னா அதுக்குத் தனியா காசு கேப்பாங்க, சரி நாமளே பாத்துக்கலாம்னு ஞாயித்துக்கிழமை சாப்பிட்டு முடிச்ச கையோட உக்காருவோம். தாராளமா பண்ணலாம். நானும் இதுவரைக்கும் ரெண்டு அலமாரி, ஒரு கட்டில், ஒரு ஸ்டடி டேபிள், ஒரு ஷூ ரேக்னு எல்லாமே தனியாத்தான் மாட்டியிருக்கேன்.

ஆனா ஒரு விஷயத்த முதல்லயே மனசுல ஏத்திக்கங்க. இது தேக்கு இல்ல, பிளைவுட்கூட இல்ல, பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளையும் சிராயையும் பசை போட்டு அழுத்தி மேல லேமினேட் ஒட்டின பலகை. தேக்குல ஆணி தப்பா எறங்கிடுச்சுன்னா புடுங்கிட்டு பக்கத்துல அடிச்சுக்கலாம். இதுல ஒரு தடவை ஓட்டை பெருசாயிடுச்சுன்னா உள்ள இருக்கிற தூள் உதிர ஆரம்பிச்சுடும், அப்புறம் அந்த எடத்துல ஸ்க்ரூ சுத்திக்கிட்டே இருக்கும், புடிக்காது. அதனால இதுல எந்த வேலையையும் முதல் தடவையே சரியாப் பண்ணணும், நான் கீழ சொல்ற தப்புல பாதி இந்த ஒரு காரணத்தாலதான் தப்பாகுது.

பெட்டியப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு தப்பு நடந்துடும். நம்ம ஃபிளாட்டுல பெட்ரூம் லாஃப்ட் தரையிலருந்து 7 அடி, அதாவது 213 செ.மீ. உயரத்துல இருக்கும். அலமாரி 210 செ.மீ.தானே, 3 செ.மீ. மிச்சம் இருக்கே, போதும்னு தோணும். ஆனா படுக்க வெச்சு மாட்டிட்டு நிமித்தும்போது அது மூலைக்கு மூலை எவ்வளவோ அவ்வளவு உயரம் கேக்கும். 210 உயரம் 60 ஆழம்னா மூலைக்கு மூலை 218 செ.மீ. வரும். என் முதல் அலமாரி அப்படித்தான் லாஃப்ட் விளிம்புல இடிச்சு நின்னுச்சு, கட்டில் கெடந்ததால பின்னாடி இழுக்கவும் எடம் இல்ல. மேல் பலகைய மறுபடி கழட்டி, நிமித்தி, ஸ்டூல் மேல ஏறி நின்னு மாட்டினேன், அந்தக் கழட்டி மாட்டினதுலயே ஒரு மூலை ஓட்டை லூசாயிடுச்சு, இன்னைக்கும் அந்த மூலை லேசா ஆடுது. டேப் எடுத்து முதல்ல அளந்துடுங்க, கட்டில நகத்திட்டு ரூம் நடுவுல நிமித்தி அப்புறம் உள்ள தள்ளுங்க, நிமித்துற நேரத்துல ஃபேன ஆஃப் பண்ணிடுங்க. தள்ளும்போதும் கீழ ஒரு பழைய போர்வைய மடிச்சு வெச்சு போர்வையத்தான் இழுக்கணும், அலமாரியப் புடிச்சு இழுத்தா கால் பேந்துடும்.

அடுத்தது ஸ்க்ரூ கவர எல்லாம் ஒண்ணாக் கிழிச்சுக் கொட்டுறது. பாக்க ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு ஸ்க்ரூவுக்கு நடுவுல 3 மி.மீ. நீள வித்தியாசம் இருக்கும். 16 மி.மீ. பலகைல கீல் மாட்ட வேண்டிய எடத்துல நீளமான ஸ்க்ரூவ முறுக்கினா வெளிப்பக்க லேமினேட்டக் குத்திக்கிட்டு மூக்க நீட்டும், அத மறைக்க வழியே கெடையாது. டிபன் பாக்ஸ் மூடி, காலி தயிர் டப்பான்னு எதுலயாவது வகை வகையாப் பிரிச்சு எண்ணிட்டு உக்காருங்க, ஏதாவது கொறஞ்சா பாதி மாட்டினப்புறம் தெரியறதுக்கு இப்பவே தெரியட்டும்.

இப்ப கேம் லாக் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா மொத்த அலமாரியும் இதுலதான் நிக்குது. ஹார்டுவேர் கடைல மினிஃபிக்ஸ்னு கேட்டா கொடுப்பாங்க. ரெண்டு பாகம் இருக்கும். ஒண்ணு நீளமான போல்ட், தலை சின்ன உருண்டையா இருக்கும், அது ஒரு பலகைல முறுக்கி நிக்கும். இன்னொண்ணு 15 மி.மீ. அகலத்துல வட்டமா ஒரு கட்டி, அதான் கேம், அது அடுத்த பலகைல இருக்கிற குழில உக்காரும். கேம் முகத்துல சின்னதா ஒரு அம்புக்குறி போட்டிருப்பாங்க, பெரும்பாலும் யாரும் அதக் கவனிக்கிறதே இல்ல. அந்த அம்பு போல்ட் உள்ள வர்ற பக்கம் பாத்து இருக்கணும், அப்பத்தான் போல்ட் தலை நுழைய வாய் திறந்திருக்கும். பலகைய முழுசா அழுத்தி இடைவெளி இல்லாம சேத்துட்டு அப்புறம் கேம வலப்பக்கமா அரைச் சுத்து சுத்தினா உள்ள போல்ட் தலையக் கவ்வி இழுக்கிறது கைல தெரியும், லேசா ஒரு இறுக்கம் வரும், அங்க நிறுத்திடணும். எந்த இறுக்கமும் இல்லாம சுத்திக்கிட்டே போச்சுன்னா கவ்வலன்னு அர்த்தம், ஒண்ணு அம்பு தப்பா இருக்கும், இல்ல போல்ட் சரியான ஆழத்துல இல்ல. போல்ட் நடுவுல ஒரு பட்டை மாதிரி இருக்கும், அது பலகையத் தொடுற வரைக்கும் முறுக்கினா போதும், அதுக்கு மேல பலத்தக் காட்டினா ஓட்டை போச்சு. கேம வெச்சு பலகைய இழுத்துச் சேத்துக்கலாம்னு நினைக்கிறதும் தப்பு, கைல அழுத்தி பலகையச் சேத்தப்புறம் பூட்டத்தான் அது.

டிரில் மெஷின் இருக்கேன்னு அதுல வேகமா முறுக்குறவங்களப் பாத்தா எனக்குப் பதறும். கடைசி ரெண்டு சுத்து எவ்வளவு இறுக்கம்னு கைக்குத்தான் தெரியும், மெஷினுக்குத் தெரியாது, ஒரு நொடி கூடுதலா அழுத்தினா கர்ர்ருனு ஓட்டைய அரைச்சுத் தள்ளிடும். மெஷின் யூஸ் பண்ணியே ஆகணும்னா கழுத்துல இருக்கிற, இறுக்கத்தக் கட்டுப்படுத்துற நம்பர் வளையத்த 3லயோ 4லயோ வெச்சுக்கங்க, கடைசி இறுக்கம் கைல. இன்னொண்ணு, ஸ்க்ரூ தலைல ப்ளஸ் குறிக்கு நடுவுல இன்னும் நாலு மெல்லிய கோடு தெரிஞ்சா அது போஸிடிரைவ், வீட்டுல இருக்கிற சாதா ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அதுல வழுக்கி தலைய மழுக்கிடும், பி.இசட்.2 பிட்னு கடைல கேட்டு வாங்குங்க, விலை ரொம்பக் கம்மி.

ரெண்டு பலகையச் சேக்க ஓட்டைக்குள்ள சொருகுற சின்ன மரக்குச்சிக்கு ஃபெவிகால் போடணுமா? சொந்த வீடு, இனி நகத்தவே மாட்டோம்னா போடுங்க, ரொம்ப நல்லது. வாடகை வீட்டுல இருக்கோம், எப்ப காலி பண்ணுவோம்னு தெரியாதுன்னா வேண்டாம், ஒட்டினது கழட்டும்போது பலகையையும் பிச்சுக்கிட்டுத்தான் வரும்.

முதல் மூலையிலயே முழுசா டைட் பண்றது இன்னொரு தப்பு. எல்லா மூலையையும் முக்கால்வாசி இறுக்கத்துல விட்டுட்டு, நாலும் சேந்தப்புறம் மூலைக்கு மூலை டேப் போட்டு அளந்து பாருங்க. ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இருந்தா சட்டம் நேரா இருக்கு, இல்லன்னா நீளமா இருக்கிற ரெண்டு மூலையையும் கைல அழுத்தி சரி பண்ணிட்டு அப்புறம் இறுக்குங்க. அதுக்கப்புறம்தான் பின்பக்க மெல்லிசு ஷீட். பின்னாடி யாரு பாக்கப் போறாங்கன்னு அதுல ஆணிய மிச்சம் புடிக்காதீங்க, அலமாரி பக்கவாட்டுல சாயாம நிக்கிறதே அந்த ஷீட்டாலதான், கொடுத்த ஆணி அத்தனையும் அடிங்க.

நின்னப்புறம் கதவு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு கீழ இருக்குன்னா உடனே கீல்ல கை வைக்காதீங்க. நம்ம வீட்டுத் தரைல தண்ணி ஓட வாட்டம் விட்டிருப்பாங்க, கண்ணுக்குத் தெரியாது, ரசமட்டம் வெச்சா தெரியும். தாழ்ந்த பக்கத்துக் காலுக்கு அடியில கெட்டியான பிளாஸ்டிக் துண்டு வெச்சுட்டு கதவப் பாருங்க, பாதி நேரம் தானாவே நேராயிடும். கால் இல்லாத மாடல்னா புஷ், அதாவது கால் மாதிரி அடிக்கிற பிளாஸ்டிக் குமிழ் வாங்கி அடியில அடிச்சுடுங்க, தினமும் வீடு தொடைக்கிற தண்ணி அடிப்பலகை விளிம்புல ஏறுச்சுன்னா ஒரு மழைக்காலத்துலயே ரொட்டி மாதிரி ஊதிடும், ஊதினது திரும்ப எறங்காது.

கடைசியா இருக்கிறதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். பெட்டிக்குள்ள ஒரு சின்ன எல் வடிவ கிளாம்போ பட்டையோ வந்திருக்கும், சுவத்தோட சேத்து மாட்டுறதுக்கு. வாடகை வீடு, சுவத்துல ஓட்டை போட்டா ஓனர் திட்டுவாருன்னு அத டிராயர்ல போட்டு வெச்சுடுறோம். சின்னக் குழந்தை டிராயர்களப் படி மாதிரி இழுத்து வெச்சு ஏறும், மொத்த எடையும் முன்னாடி வந்து அலமாரி அப்படியே குழந்தை மேல சாயும். அமெரிக்காவுல குழந்தைங்க இப்படி இறந்ததாலதான் 2016ல ஐகியா ஃபர்னிச்சர் கம்பெனி, மால்ம்ங்கிற மாடல் உட்பட சுமார் 2 கோடியே 90 லட்சம் டிராயர் அலமாரிகளத் திரும்பப் பெறுறதா அறிவிச்சுது, சுவத்துல மாட்டுற கிட்டையும் இலவசமாக் கொடுத்துச்சு. ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, விஷயத்தச் சொன்னா பெரும்பாலும் ஒத்துப்பாங்க, காலி பண்ணும்போது வொயிட் சிமெண்ட் வெச்சு அடைச்சுக் கொடுத்துடலாம். டிரில் போடும்போது ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் போடாதீங்க, வயர் அந்த வழியாத்தான் போகும். ஸ்க்ரூ புடிக்க சுவர் ஓட்டைக்குள்ள சொருகுற பிளாஸ்டிக் பிளக் பூச்சுல மட்டும் நின்னா, இழுத்தா வந்துடும், பூச்சத் தாண்டி செங்கல்லுக்குள்ள போகணும், ஏஏசி பிளாக், அதாவது லேசான சிமெண்ட் கல் சுவரா இருந்தா அதுக்குன்னே இருக்கிற பிளக் வாங்குங்க. மாட்டினப்புறம் மேல் விளிம்பப் புடிச்சு முன்னாடி நல்லா இழுத்துப் பாருங்க, அசையக் கூடாது.

ரெண்டு வாரம் கழிச்சு கேம் எல்லாத்தையும் ஒரு தடவை தொட்டுப் பாத்துடுங்க, துணி எடை ஏறினப்புறம் ஒண்ணு ரெண்டு தளர்ந்திருக்கும். பெட்டியோட வந்த எல் கீயையும் (ஸ்க்ரூ முறுக்குற எல் வடிவக் கம்பி) மேனுவலையும் மிஞ்சின ஸ்க்ரூவையும் ஒரு கவர்ல போட்டு அலமாரி உள்பக்கமா டேப் வெச்சு ஒட்டிடுங்க, வீடு மாத்துற அன்னைக்குத் தேட வேண்டியிருக்காது.