இண்டிகா என்று எழுதியிருந்தால் டப்பாவைத் திருப்பிப் பாருங்க

"மாமா, இது இண்டிகாங்க. நல்லாத் தூக்கம் வருமாமா" என்று ஒரு சின்ன டப்பாவையும் மிட்டாய்ப் பாக்கெட்டையும் மேசைமேல் வைத்தார் மாப்பிள்ளை. டொரன்டோவில் மகள் வீடு. கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து கஞ்சா சட்டப்படி கடையிலேயே கிடைக்கிறது. கோபியில் முப்பது வருடம் மருந்துக்கடை வைத்திருந்த எனக்கு இண்டிகா என்றால் வாடகைக் கார்தான் ஞாபகம் வந்தது. இருந்தாலும் அட்டையைத் திருப்பிப் படிக்கிற பழக்கம் போகவில்லை.

இண்டிகா என்பது 1785-ல் லமார்க் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியாவிலிருந்து வந்த செடிக்கு வைத்த பெயர். இன்று கடைக்காரர்கள் அந்தப் பெயரில் சொல்வது இந்துகுஷ் மலைப்பக்கத்து ரகத்தை: குட்டைச் செடி, அகல இலை, கெட்டியான பூ, ஏறக்குறைய எட்டு வாரத்தில் முற்றிவிடும். சரி, குட்டைச் செடி என்றால் தூக்கம் வருமா? செடியின் உயரத்துக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அதிலும் இத்தனை வருட ஒட்டுக்கலப்பில் பெயருக்கும் உள்ளே இருக்கும் சரக்குக்கும் சம்பந்தம் குறைந்துவிட்டது.

அதனால் முதலில் எண்ணைப் பாருங்கள். கஞ்சாவில் போதை தரும் பொருளுக்கு டி.எச்.சி. என்று பெயர். மொத்த டி.எச்.சி. ஒரு கிராமுக்கு 200 மில்லிகிராம் என்றிருந்தால் 20 சதவீதம். பழக்கமில்லாதவருக்கு அது ரொம்பவே காட்டம். 'மொத்த' என்று ஏன் போடுகிறார்கள் என்றால், பூவில் பெரும்பகுதி அமிலமாகத்தான் இருக்கும், சூடு பட்டால்தான் டி.எச்.சி.யாக மாறும். கை கால் கனப்பது, கண் சொருகுவது, அகோரப் பசி, நாக்கு வறள்வது, கண் சிவப்பது, நெஞ்சு படபடப்பது எல்லாம் பெரும்பாலும் அதன் வேலை. அளவு கூடினால் தூக்கத்துக்குப் பதில் பயம் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது வாசனை. மகள் அன்று ரசத்துக்குக் கொத்தமல்லி விதை இடித்துக்கொண்டிருந்தாள். அட்டையில் லினலூல் என்ற வாசனைப் பொருளின் பெயரைப் படித்ததும் உரலைக் காட்டினேன்: கொத்தமல்லி விதை மணப்பது அதனால்தான். மிளகில் இருக்கும் கேரியோஃபிலீனும் பட்டியலில் இருந்தது. இண்டிகாவின் தூக்கத்துக்குக் காரணம் என்று மிர்சீன் என்ற இன்னொரு வாசனைப் பொருளைச் சொல்வார்கள். மனிதர்களிடம் அது உறுதியாகவில்லை.

கஞ்சா கலந்த மிட்டாய்தான் ஆளைக் கவிழ்க்கும். அங்கே ஒரு பாக்கெட்டுக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி.தான் உச்சவரம்பு. முதல் தடவை 2.5-க்கு மேல் வேண்டாம்; இரண்டு மணி நேரமாவது பொறுங்கள். ஈரலுக்குப் போய் வேறு வடிவமாக மாறித்தான் ஏறும், ஏறினால் லேசில் இறங்காது. மாப்பிள்ளை 5 போட்டார், நாற்பது நிமிடத்தில் "ஒண்ணுமே ஆகலீங்க" என்று இன்னொரு 5. பத்து மணிக்குச் சோபாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாடி பார்த்தேன், 118. தண்ணீர் கொடுத்து விடியும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

தூக்க மாத்திரை, மது எதனோடும் சேர்க்காதீர்கள். ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சி.பி.டி. என்ற கஞ்சாவின் இன்னொரு பொருள் அதிகமுள்ளதைத் தொடும்முன் டாக்டரைக் கேட்கவேண்டும்; மாத்திரையின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரலாம். இதய நோயாளி, கர்ப்பிணி, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்தவர்கள் ஒதுங்கியே இருங்கள். இதைச் சாப்பிட்டுவிட்டு வண்டிச் சாவியைத் தொடவே கூடாது.

மிச்சத்தை ஊருக்கு எடுத்து வரலாமே என்றும் மாப்பிள்ளை கேட்டார். எல்லை தாண்டிக் கொண்டுபோவது கனடாவிலேயே குற்றம், இந்தியாவில் 1985-ம் வருடப் போதைப்பொருள் சட்டத்தில் கம்பி எண்ண வேண்டியதுதான். என் பெட்டியில் வந்தது மேப்பிள் பாகு, இரண்டு பாட்டில்.