கோட்டம் எடுத்தால் மட்டும் போதாது: சைக்கிள் சக்கரம் கட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சக்கரத்தைச் சுற்றிவிட்டு, இரண்டு பிரேக் கட்டைகளுக்கும் நடுவே ரிம் ஆடாமல் ஓடினால் கோட்டம் போய்விட்டது, வேலை முடிந்தது என்று கம்பி முறுக்கும் சாவியைக் கீழே வைத்துவிடுகிறோம். முதல் தவறே இதுதான். ஒரே பக்கத்துக் கம்பிகளில் ஒன்று 140 கிலோ இழுப்பிலும் அடுத்தது 60 கிலோ இழுப்பிலும் இருந்தாலும் ரிம் நேராக ஓடும். ஆனால் அந்தத் தளர்ந்த கம்பி, தான் கீழே வரும்போதெல்லாம் தொய்ந்து, மேலே போகும்போது மறுபடி விறைக்கும். 700சி (622 மி.மீ. ரிம்) சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 475 முறை சுற்றுகிறது. ஆணியை வளைத்து வளைத்து நிமிர்த்தி ஒடிப்பது போல, அத்தனை முறையும் கம்பியின் தலைவளைவு வேலை வாங்கப்படுகிறது. ஒருநாள் அங்கேதான் ஒடியும்.

கம்பி ஒடிந்தால் "ரொம்ப டைட் வெச்சிட்டாங்க" என்பார்கள். பெரும்பாலும் காரணம் நேர் எதிர்: போதாத இறுக்கம், அல்லது சமமில்லாத இறுக்கம். சக்கரம் கட்டுவதில் செய்கிற எல்லாமே அந்தச் சமத்தைக் கொண்டுவரத்தான். நேராக ஓடுவது அதன் பலனாகத் தானே வரும்.

சாவியை எடுக்கும் முன் இரண்டு பார்வை. ரிம்மைக் கையால் பக்கவாட்டில் ஆட்டுங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடத்தின்) கோன், அதாவது பேரிங்கைப் பிடித்திருக்கும் கூம்பு நட்டு, லூஸ். அதை டைட் வைக்காமல் கோட்டம் எடுத்தால் ஓடுகிற கோட்டத்தைத் துரத்திக்கொண்டே இருப்பீர்கள். இரண்டாவது, டயரைப் பார்த்துக் கோட்டம் என்று முடிவு செய்யாதீர்கள். டயர் ரிம்மில் சரியாக உட்காராவிட்டாலும் அப்படித்தான் ஆடும். பார்க்க வேண்டியது ரிம்மின் விளிம்பை.

அளவில் வரும் பிழைகள்

ரிம்மை அங்குலம் சொல்லி வாங்குவது பழைய பழக்கம், ஆபத்தான பழக்கமும்கூட. "28 அங்குலம்" என்ற ஒரே பெயரில் 635 மி.மீ. ரிம்மும் உண்டு, 622 மி.மீ. ரிம்மும் உண்டு. முதலாவது பழைய கறுப்பு சைக்கிளுடையது, இரண்டாவது 700சி. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 26 அங்குலத்திலும் 590, 559 என்று இரண்டு பரவலாக ஓடுகின்றன. டயரின் பக்கவாட்டில் 37-622 என்பது போல அச்சடித்திருக்கும். பின்னால் இருக்கும் மூன்று இலக்கத்தைச் சொல்லி வாங்குங்கள். கம்பி மாட்டும் கண்களின் (ஓட்டைகளின்) எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். 32 கண் ஹப்பும் 36 கண் ரிம்மும் சேராது.

அடுத்தது கம்பி நீளம். பழைய கம்பியைக் கழற்றி அதே நீளத்தில் வாங்குவது, ரிம்மும் ஹப்பும் மாறாதவரை சரி. ரிம் மாறினால் கணக்கும் மாறும். ரிம்மின் உள்விட்டத்தை, அதாவது எதிரெதிர் நிப்பிள்களுக்குள் (ரிம்மில் கம்பி முனையைப் பிடிக்கும் சின்ன நட்டுகளுக்குள்) கம்பி முனைகள் வந்து நிற்கும் இடங்களுக்கு இடையிலான தூரத்தை, நீங்களே அளப்பதே நல்லது. இரண்டு பழைய கம்பிகளைச் சரியாக 200 மி.மீ.க்கு வெட்டிக்கொள்ளுங்கள். கம்பி முனை நிப்பிள் தலையின் பிளவின் அடியைத் தொடும்வரை முறுக்கி, எதிரெதிர்க் கண்களில் மாட்டி, இழுத்துப் பிடித்து, நடுவில் இருக்கும் இடைவெளியை அளந்து 400 கூட்டுங்கள். மூன்று நான்கு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். ரிம் முழு வட்டமாக இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டாம்.

ஒரு கணக்கு பார்ப்போம். ரிம் உள்விட்டம் 600 மி.மீ., 36 கண், 3 கிராஸ் (ஒவ்வொரு கம்பியும் அதே பக்கத்துக் கம்பிகள் மூன்றைக் குறுக்கே தாண்டுவது), பின்பக்க கேசட் (கியர் பற்சக்கர அடுக்கு) ஹப். கம்பிக் கண்கள் அமைந்த வட்டத்தின் விட்டம் 45 மி.மீ. ஹப் நடுவிலிருந்து வலது ஃபிளாஞ்ச் (கம்பிகள் மாட்டும் ஹப்பின் தட்டு) 21 மி.மீ., இடது ஃபிளாஞ்ச் 37 மி.மீ. வலது கம்பி 289 மி.மீ. வருகிறது, இடது 290.5. ஒரே நீளத்தில் 36 கம்பி வாங்கிப் போடுகிறவர்கள் இந்த ஒன்றரை மில்லியைக் கண்டுகொள்வதில்லை. 2 கிராஸ் கட்டினால் வலது கம்பி 283க்கு இறங்கிவிடும், ஆறு மில்லி வித்தியாசம். எனவே எத்தனை கிராஸ் என்று முடிவு செய்யாமல் கம்பி வாங்கக் கூடாது. நீளம் அளப்பது வளைவின் உள்பக்கத்திலிருந்து முனை வரை, தலையின் உச்சியிலிருந்து அல்ல.

கம்பி மரையில் ஒரு அங்குலத்துக்கு 56 சுற்று. ஒரு முழுச் சுற்றுக்கு நிப்பிள் 0.45 மி.மீ.தான் நகரும். நீளத்தில் 3 மி.மீ. தப்பினால் கிட்டத்தட்ட ஏழு சுற்று. கம்பி குட்டையாகிப்போனால் நிப்பிளின் தலைக்குள் மரை இருக்காது. பாரம் முழுவதும் தலைக்குக் கீழே கழுத்தில் விழும், தலை தனியாகக் கழன்று வரும். நீளமாகிப்போனால் மரை தீர்ந்து நிப்பிள் நின்றுவிடும், அல்லது ஒற்றைச் சுவர் ரிம்மில் முனை மேலே துருத்தி, ரிம் டேப்பைத் துளைத்து, டியூபைக் குத்தும். காரணம் தெரியாத பஞ்சர் எப்போதும் டியூபின் உள்பக்கத்தில் விழுந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நீளக் கம்பியை வெட்டி, டை போட்டு மரை வெட்டுவதும் சரியல்ல. வெட்டிய மரை உலோகத்தைச் சுரண்டி எடுக்கும், ஒடிவதற்கான கீறலை அங்கேயே போட்டுவிடும். உருட்டி அழுத்திய மரைதான் தாங்கும். வேறு வழியில்லை என்றால் மரை உருட்டும் மெஷின் இருக்கும் கடையைத் தேடுங்கள்.

கோர்ப்பதில்

ரிம்மின் கண்கள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமும் சற்றே விலகியிருக்கும். வலது பக்கம் விலகிய கண்ணுக்கு வலது ஃபிளாஞ்சிலிருந்து வரும் கம்பி. மாற்றிக் கோர்த்தால் ஒவ்வொரு நிப்பிளும் கோணலாக உட்காரும், கம்பி நிப்பிளுக்குப் பக்கத்தில் வளையும். 3 கிராஸில் வெளிப்புறக் கம்பி முதல் இரண்டையும் வெளியே தாண்டி, மூன்றாவதன் உள்ளே நுழைய வேண்டும். அந்தக் கடைசிப் பின்னலை விட்டுவிட்டால் கம்பிகள் ஒன்றையொன்று தாங்குவதில்லை. வால்வு ஓட்டைக்கு இருபுறமும் வரும் கம்பிகள் இணையாக இருக்கட்டும். கம்பிகள் அங்கே குவிந்தால் பம்ப் தலை நுழையாது.

டிஸ்க் பிரேக் சக்கரத்தை ரேடியலாக, அதாவது கிராஸே இல்லாமல் கட்டவே கூடாது. பிரேக்கின் முறுக்கலை ஹப்பிலிருந்து ரிம்முக்குக் கொண்டுபோவது சாய்ந்த கம்பிதான். பெடல் சக்தி போகும் பின்பக்க வலதுக்கும் இதுவே.

முறுக்குவதில்

இங்கேதான் அவசரம் எல்லாவற்றையும் கெடுக்கிறது. மரையில் ஒரு துளி எண்ணெய், நிப்பிள் உட்காரும் ரிம் கண்ணிலும் ஒரு துளி. எண்ணெய் இல்லாவிட்டால் உராய்வையே இறுக்கம் என்று கை ஏமாறும். எல்லா நிப்பிளையும் முதலில் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள், மரை நிப்பிளுக்குள் முழுதாக மறையும் புள்ளி வசதியானது. அங்கிருந்து வால்வில் தொடங்கி, சுற்று தவறாமல் எல்லாவற்றுக்கும் ஒரு முழுச் சுற்று, பிறகு அரை, பிறகு கால். இப்படிச் செய்தால் சமம் தானாக வரும். பத்துக் கம்பியை இஷ்டத்துக்கு முறுக்கிவிட்டுப் பிறகு சமத்தைத் தேடினால் கிடைக்காது.

திசையிலும் குழப்பம் சகஜம். சக்கரத்தின் உச்சியில் உள்ள நிப்பிளை மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழி இறுக்கும். கீழே உள்ள நிப்பிளை ஹப் பக்கமிருந்து பார்க்கும்போது இடஞ்சுழிதான் இறுக்கும்.

மேடு பள்ளத்தைச் சக்கரம் தளர்வாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ரிம் வெளியே புடைத்த இடத்தில் இருபக்கக் கம்பிகளையும் இறுக்கி, உள்ளே அமுங்கிய இடத்தில் இருபக்கமும் தளர்த்த வேண்டும். பக்கவாட்டுக் கோட்டத்துக்கு ஒரு பக்கத்தை மட்டும் முறுக்குவதைவிட, இந்தப் பக்கம் கால் சுற்று இறுக்கி அந்தப் பக்கம் கால் சுற்று தளர்த்துவது நல்லது, மேடு புதிதாக முளைக்காது. ரிம் ஹப்பின் நடுவில் நிற்கிறதா என்பதற்கு, சக்கரத்தைத் திருப்பி மாட்டிப் பார்ப்பதே எளிய சோதனை.

கடைசிச் சுற்றுகளில் கம்பியே நிப்பிளோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். பிறகு சாலையில் முதல் நூறு மீட்டரில் டிங் டிங் என்று அவிழ்ந்து, எடுத்த கோட்டம் திரும்பி வரும். கம்பியில் சின்ன டேப் துண்டைக் கொடி மாதிரி ஒட்டிப் பாருங்கள், அது சாவியோடு திரும்பினால் கம்பி முறுக்குகிறது. அரைச் சுற்று வேண்டும் என்றால் முக்கால் சுற்றி, கால் சுற்று பின்னால் வாருங்கள்.

பின் சக்கரத்தின் வலது பக்கம் 110 கிலோ என்று வைத்தால், மேலே சொன்ன ஹப்பில் இடது 62 கிலோ அளவில்தான் நிற்கும். வலது ஃபிளாஞ்ச் நடுவுக்கு நெருங்கியிருப்பதால் அங்கே கம்பி அதிகம் இழுத்தாக வேண்டும். இந்த வித்தியாசம் குறையல்ல. இரண்டு பக்கத்தையும் சமமாக்க முயன்றால் ரிம் நடுவிலிருந்து விலகிவிடும். ஒப்பிட வேண்டியது ஒரே பக்கத்துக் கம்பிகளைத்தான். ரிம் தயாரிப்பாளர் சொன்ன உச்ச அளவைத் தாண்டினால் கண்ணைச் சுற்றிக் கீறல் விடும்.

டென்ஷன் மீட்டர் இல்லாதவர்களுக்குக் காது இருக்கிறது. ஒரே பக்கக் கம்பிகளை விரலால் மீட்டிக்கொண்டே போங்கள். இறுக்கம் 20 சதவீதம் மாறினால் சுருதி சுமார் ஒன்றரை செமிடோன் அளவு மாறும், சங்கீதம் தெரியாத காதுக்கும் கேட்கும். போனில் இருக்கும் ட்யூனர் ஆப்பையும் பயன்படுத்தலாம். டயரைக் கழற்றிவிட்டே ஒப்பிடுங்கள். காற்றடித்த டயர் ரிம்மை நெருக்கி இறுக்கத்தைக் குறைத்துக் காட்டும்.

பலரும் முற்றிலும் தவிர்க்கிற வேலை ஒன்று உண்டு. கையுறை போட்டுக்கொண்டு, கிட்டத்தட்ட இணையாக ஓடும் இரண்டு இரண்டு கம்பிகளை நடுவில் பிடித்துப் பலமாக நசுக்குங்கள், சக்கரம் முழுதும். வளைவும் நிப்பிளும் தத்தம் இடத்தில் அமர்ந்து, கம்பியைத் தயாரிக்கும்போதே வளைவில் தங்கிய அழுத்தம் தணியும். மறுபடி கோட்டம் பாருங்கள், மறுபடி நசுக்குங்கள். ரிம் அசையாத வரை. நசுக்கும்போது ரிம் அலைபோல இரண்டு இடத்தில் நெளிந்தால் இறுக்கம் மிஞ்சிவிட்டது. எல்லா நிப்பிளையும் அரைச் சுற்று தளர்த்துங்கள்.

சாவி, நிப்பிள், கம்பி

பல அளவு வெட்டிய வட்டச் சாவி நிப்பிளின் மூலையை மழுக்கிவிடும். நிப்பிள்கள் 3.23, 3.30, 3.45 மி.மீ. என்று மிக நெருங்கிய அளவுகளில் வருகின்றன. உங்கள் நிப்பிளுக்கு ஆட்டமில்லாமல் பொருந்தும் ஒற்றை அளவுச் சாவி வாங்குங்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று ஊர்களில் அலுமினிய நிப்பிள் வேண்டவே வேண்டாம். அரித்துக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு திருப்பினால் உடையும். பித்தளை நிப்பிளும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் போதும். நடுவில் மெலிந்த 2.0-1.8-2.0 கம்பி சமமான தடிமன் கம்பியைவிடச் சற்று நீளும், வளைவுக்குப் போகும் அதிர்ச்சியைத் தணிக்கும். தடிமன்தான் பலம் என்று நினைத்து இதை ஒதுக்காதீர்கள்.

சங்கிலி கேசட்டுக்கும் கம்பிக்கும் நடுவே விழுந்து கீறிய வலது பக்கக் கம்பிகளை உடனே மாற்றுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று கம்பி அடுத்தடுத்து ஒடிந்தால் ஒடிந்ததை மட்டும் மாற்றிப் பயனில்லை, மற்றவையும் அதே அளவு களைத்திருக்கின்றன. அந்தப் பக்கம் முழுதையும் மாற்றுங்கள். ரிம்மே குழியில் அடிபட்டு மடங்கியிருந்தால் கம்பியால் நிமிர்த்த முயலாதீர்கள். அந்த இடத்தில் ஒருபக்கக் கம்பி தொய்ந்தும் மறுபக்கக் கம்பி வெறியாக இறுகியும் நிற்கும், புது ரிம்தான் வழி.

புதிதாகக் கட்டிய சக்கரத்தை 100 கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை ஸ்டாண்டில் மாட்டி, மீட்டிப் பார்த்து, சுருதி இறங்கிய கம்பியை மட்டும் கால் சுற்று ஏற்றுங்கள்.